முள் ஏறுது, நைனா

சூடேறிப்போன ரேடியேட்டரிலிருந்து கிளம்பும் ஆவிக்கென்று ஒரு வாசனை உண்டு. துரு, வெந்த ரப்பர், இவற்றுக்கு அடியில் கொஞ்சம் உப்பு; கிட்டப் போய் நின்றால் மூக்கில் ஏறுவதற்கு முன்பே நாக்கில் கரிக்கும். சாலையோரம் எந்த வண்டியாவது பானெட்டைத் தூக்கிக்கொண்டு புகைந்துகொண்டிருந்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று அந்த வண்டி கண்ணை விட்டு மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், எனக்கு வேண்டியவர்கள் யாரோ அதில் இருப்பதாகப் பக்கத்து சீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாத பிறவி நான். அந்தப் பிறவியை எங்கே எடுத்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்: எங்கள் வீட்டு முதல் காரின் முன்சீட்டில், இடதுபக்கம்.

நாங்கள் எர்ணாவூரில் குடியிருந்தோம். நைனா, அதாவது என் அப்பா, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா, அக்கா கலா, கடைசிப் பெண்ணாக நான். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வெயில்காலம் என்பதெல்லாம் பேருக்குத்தான். லாரி நிற்கிற காலம், லாரி நகர்கிற காலம் என்று இரண்டே பருவம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால், கிளீனர்கள் வண்டியின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறாக்கிச் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்படி ஒரு வரிசைக்குள் பஸ் மாட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமையில்தான் அக்காவின் அரசாங்க வேலைப் பரீட்சை கைநழுவிப் போனது. பாரிமுனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். அவள் போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்திவிட்டார்கள். வருஷம் முழுக்க விடியற்காலையில் எழுந்து படித்தவள், பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அழவில்லை. அவள் அழாமலிருந்ததுதான் நைனாவைக் கொன்றுவிட்டது.

"அட்த்த பரீட்சைக்கு எம் பொண்ண என் வண்டில, என் கையால இட்டுகினு போயி வுடுவேன். இனிமே அட்த்தவன் ஓட்ற எதையும் நான் நம்ப மாட்டேன்" என்று அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். "எலெக்ட்ரிக் ட்ரெயின் கீதேய்யா, அதுல அனுப்புனா போச்சி" என்று அம்மா மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். "ட்ரெயின இன்னா ஒன் தம்பியா ஓட்டிகினு கீறான்?" என்று நைனா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றுவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் இன்னொரு பேச்சு முடியவில்லை. இந்தத் தடவையும் தவறிவிட்டால் படிப்பை மூட்டைகட்டிவிட்டு அக்காவை அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை மகன் நல்லவன்தான். அக்காவுக்குத்தான் வேண்டாம்.

காரைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு மாமாவிடம் போனது. அம்மாவின் தம்பியான அவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். கார் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவருக்குக் கெட்டுப்போன மீனை விற்ற ஆள் இந்த உலகத்தில் இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ராயபுரத்தில் புரோக்கர் ஒருவரின் இடத்தில் அந்த வெளிர்நீல வண்டி நின்றது. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், அதே வண்டியை வைத்திருந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீனைப் பார்ப்பதுபோலவே அதைப் பார்த்தார். முதலில் முன்னால் போய்க் குந்திக்கொண்டு முகப்பு விளக்குகளை உற்றுப் பார்த்தார். "கண்ணு தெளிவா கீது மச்சான், உள்ள போவல." அப்புறம் கதவை விரலால் அமுக்கினார். "அமுக்குனா பள்ளம் வுழல." கடைசியாக பானெட்டைத் தூக்கச் சொல்லி, உள்ளே மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். "செவுளு சுத்தமா கீது. நாத்தம் இல்ல. எத்துகினு போலாம்." புரோக்கர் வாயைத் திறந்தபடி நின்றார். நைனா மட்டும் ரொம்ப சீரியஸாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியின் சொந்த ஹீட் மீட்டர் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாக யாரோ ஒரு வட்ட மீட்டரை வாங்கி, டாஷ்போர்டுக்குக் கீழே இடதுபக்கக் கடைசியில் இரண்டு திருகாணியில் மாட்டிவைத்திருந்தார்கள். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது; இடதுபக்கம் உட்காருகிறவர் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அம்மாவுக்கு முன்சீட் என்றால் தலைசுற்றல், அக்காவுக்குக் கையில் எப்போதும் புத்தகம். ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது. பச்சைக் கோட்டில் முள் நிற்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது, சிவப்புப் பக்கம் சாய்ந்தால் உடனே சொல்ல வேண்டும், வேடிக்கை பார்க்கவே கூடாது. மற்ற பிள்ளைகள் காரில் போனால் கடலைப் பார்ப்பார்கள், கப்பலைப் பார்ப்பார்கள். நான் முள்ளைப் பார்த்தேன். ஒரு நூல் அசைந்தாலும் "முள் ஏறுது, நைனா!" என்று அலறுவேன். நைனா உடனே ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொல்வார், "ஒண்ணும் இல்ல, ஆறட்டும்." பத்துக்கு எட்டுத் தடவை அது வெறும் அதிர்வாக இருக்கும். மாமா எனக்கு "முள்ளு" என்றே பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர் தெருவுக்குத் தெரிந்து, பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்து, என் கல்யாணப் பந்தலில்கூட ஒருவர் அப்படிக் கூப்பிட்டார்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் போர் போட்டால் வருவது தண்ணீர் இல்லை, கடலின் தங்கச்சி. குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும், குடங்களை வரிசையில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக்கிடந்து, சண்டை போட்டுப் பிடித்து வருகிற அந்தத் தண்ணீருக்கு எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: "வாய்க்குப் போறது லாரித் தண்ணி, மத்ததெல்லாம் போர்." குளியல், துணி, பாத்திரம் எல்லாம் போர் தண்ணீரில்தான். லாரித் தண்ணீரில் கால் கழுவியதற்காக நான் வாங்கிய அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் நைனா முதல் நாள் ஒரு சொம்பு லாரித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நல்லா கீதே ஞாயம்! புள்ளைங்க குடிக்கற தண்ணிய இரும்புக்கு ஊத்தறியா? அதுக்கு இன்னா நாக்கா கீது, ருசி பாக்கறதுக்கு?" நைனா சொம்புத் தண்ணீரைத் திரும்பவும் குடத்திலேயே ஊற்றினார். அன்றிலிருந்து வண்டி போர் தண்ணீர் குடித்தது. நைனா டியூபைப் பிடித்துக்கொள்ள, அம்மா பம்பை அடிக்க, வண்டியின் வாய் வழிகிற வரைக்கும் ஊற்றினோம். அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, பாருங்கள், வீட்டுக் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள்போல.

பொங்கல் வரை முள் பச்சைக் கோட்டில் சொன்னபடி நின்றது. அப்புறம் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. முதலில் மேட்டில் ஏறும்போது மட்டும், பிறகு சிக்னலில், பிறகு சும்மா நின்றாலே. நான் கத்தக் கத்த நைனா ஓரம்கட்டினார். எர்ணாவூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் எங்கள் வண்டி நிற்காத புளியமரம், பெட்டிக்கடை எதுவும் பாக்கியில்லை. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினோம். பூசணிக்காய் உடைத்தோம். காற்று போகட்டும் என்று பானெட்டுக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் செருப்பைச் செருகி, அரை வாய் திறந்தபடி ஓட்டினோம். மாமாதான் எல்லோரையும் மிஞ்சினார். ஒருநாள் காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியில் ஒரு சாக்கு நிறைய ஐஸ் கொண்டுவந்து, அதை ரேடியேட்டரின் நெஞ்சில் அணைத்துக் கட்டினார். "மீனே ரெண்டு நாளைக்கி கெடாம கீதுன்னா, வண்டி கெட்டுடுமா மச்சான்?" ஐஸ் உருகுகிற வரைக்கும் முள் இறங்கித்தான் இருந்தது. உருகிய பிறகு ஈரச்சாக்கு காற்றை அடைத்துக்கொண்டு முன்னைவிட வேகமாக ஏறியது. வண்டி முழுக்க, முன்பு அந்தச் சாக்கில் இருந்த கவலை மீனின் நாற்றம். அக்கா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு பின்சீட்டில் படித்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நைனா தாங்கியிருக்க மாட்டார்.

பரீட்சை நெருங்க நெருங்க எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அக்காவுக்குப் படிப்பினால், நைனாவுக்கு வண்டியினால், எனக்கு முள்ளினால். கண்ணை மூடினால் அந்த வட்ட மீட்டர் வந்து நிற்கும். சோற்றில் கையை வைத்துக்கொண்டே "இப்ப எங்க நிக்கும்?" என்று யோசிப்பேன். ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். நைனா ஃபிட்டர். ஒரு ஃபிட்டர் தன் சொந்த வண்டியை இன்னொருத்தன் ஒர்க்‌ஷாப்பில் விடுவது, ஒரு தையல்காரர் தன் சட்டைக்குப் பக்கத்துக் கடையில் பொத்தான் தைத்துக்கொள்வது மாதிரி. அவர் எஞ்சினில் கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிப் பார்த்தார். பெல்ட்டை மாற்றினார். ஹோஸை மாற்றினார். அந்தத் தண்ணீர் ஒன்றைத்தான் யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பினோம். பின்சீட்டில் அக்காவும் அம்மாவும், அக்காவின் மடியில் ஹால் டிக்கெட், அம்மாவின் மடியில் ஒரு பாட்டில் லாரித் தண்ணீர். பரீட்சை எழுதுகிற பிள்ளை குடிக்க வேண்டும் என்று வெள்ளைத் துணியில் வடிகட்டி எடுத்துவந்திருந்தாள். எர்ணாவூரைத் தாண்டினோம். திருவொற்றியூர் வந்தபோது முன்னால் கண்டெய்னர் லாரிகள் நின்றன. பின்னாலும் வந்து நின்றுவிட்டன. இந்தப் பக்கம் ஒரு ட்ரெயிலர், அந்தப் பக்கம் ஒரு ட்ரெயிலர், நடுவில் எங்கள் நீலப்பெட்டி. முள் அசைந்தது. சொன்னேன். "தெரியுது" என்றார் நைனா. முள் பச்சையைத் தாண்டியது. சொன்னேன். நைனா எஞ்சினை நிறுத்தினார். வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். முள் ஒரே தாவாகச் சிவப்புக்குப் போனது. "நைனா, ஏறுது, ஏறுது, ஏறுது!" என்று நான் கத்தியது முடிவதற்குள் செருப்பு செருகிய இடைவெளியிலிருந்து வெள்ளையாக ஆவி பீறிட்டு, கண்ணாடி முழுக்க மறைந்துபோனது.

எல்லோரும் இறங்கினோம். பின்னாலிருந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கிழித்தார்கள். ஆந்திராப் பக்கத்து டிரைவர் ஒருவர் தெலுங்கில் திட்டிக்கொண்டே இறங்கிவந்து, திட்டிக்கொண்டே தோளைக் கொடுத்து எங்கள் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பிப் போனார். ஆவி அடங்கட்டும் என்று நின்றிருந்தோம். நைனா வாட்ச்சைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். பொறுக்க முடியாமல், வண்டியிலேயே கிடந்த மாமாவின் ஐஸ் சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திருகினார். மூடி வந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். அதுவரை டியூபைச் செருகி நிரப்பியதோடு சரி, உள்ளே யாரும் பார்த்ததில்லை; இப்போது தண்ணீர் கொதித்து வற்றியதும், ரேடியேட்டரின் கழுத்து உள்ளே வரைக்கும் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்து அடைத்துக் கிடந்தது. அம்மா விரல்நகத்தால் மூடியைச் சுரண்டினாள். எங்கள் வீட்டில் வெந்நீர் போடுகிற அண்டாவின் அடியில் மாதாமாதம் அவள் சுரண்டி எடுக்கிற அதே உப்பு.

"நாந்தான்யா," என்றாள் அம்மா. "நாந்தான் போர் தண்ணி ஊத்தச் சொன்னேன். எம் பொண்ணு வாய்ல நானே மண்ண போட்டுட்டேன்யா."

நைனா கத்துவார் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. "நீ மட்டுமா ஊத்துன? டியூப புட்சிகினு நானுந்தான நின்னேன்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அக்கா பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள். மீதியை அம்மாவின் கையில் கொடுத்தாள். "ஆறுன அப்பால இத்த ஊத்துங்க. நான் ட்ரெயின்ல பூட்றேன்" என்றாள். "அட்த்தவன் ஓட்ற..." என்று நைனா தொடங்கினார். அவள் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு ட்ரெயிலர்களுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கிப் புகுந்து, ஸ்டேஷன் பக்கம் போகிற சந்துக்குள் ஓடினாள். தாவணி போட்ட நாளிலிருந்து ஓடக் கூடாது என்று சொல்லி வளர்த்த பெண் அப்படி ஓடி நாங்கள் யாருமே பார்த்ததில்லை. நைனா அவள் பின்னால் நாலு எட்டு வைத்தார். பிறகு நின்றார், வண்டியைப் பார்த்தார், அவள் போன சந்தைப் பார்த்தார்.

வீட்டில் கைபேசி வராத காலம். அவள் ட்ரெயினைப் பிடித்தாளா, கேட் திறந்திருந்ததா, ஒன்றும் தெரியாது. வண்டி ஆறிய பிறகு அம்மா அந்த லாரித் தண்ணீரை ஒரு சொட்டும் சிந்தாமல் ரேடியேட்டரில் ஊற்றினாள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் பத்தடி ஓட்டி, நின்று, பத்தடி ஓட்டி, மத்தியானத்துக்கு மேல் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா அடுப்பு மூட்டவில்லை. நைனா பீடிமேல் பீடியாகக் குடித்துத் தீர்த்தார். நான் நின்றுபோன காரில் தனியாக ஏறி உட்கார்ந்து, அசையாத முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா தெருமுனையில் வந்தாள். காலில் செருப்பு இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு உயிர் வந்தது, கேட்டுக்கு வெளியே நின்றவள் செருப்பைக்கூட மறந்துவிட்டுத்தான் வருவாள் என்று என்னவோ எனக்கு ஒரு கணக்கு. "மணி அடிச்சிகினு இருந்தாங்க நைனா. உள்ள பூந்துட்டேன். எல்லாத்தயும் எழுதிட்டேன்" என்றாள். நைனா எழுந்து போய் வண்டியின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி அழுதார். அதற்கப்புறம் தெருவில் யார் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "வண்டி தாம்பா நின்னுது. எம் பொண்ணு நிக்கல."

அக்காவுக்கு வேலை கிடைத்தது. இப்போது வேறொரு ஊரில் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், அத்தை மகனும் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, லாரித் தண்ணீர் ஊற்றி, அந்த வண்டி இன்னும் சில வருஷம் ஓடியது. ஊற்றியவள் அம்மாதான், யாரையும் சொம்பைத் தொட விடமாட்டாள். அம்மா இப்போது இல்லை. மாமா இல்லை. பானெட்டில் செருப்பைச் செருகி ஓட்டுகிறவர்களைப் பார்த்து வெகுகாலமாகிறது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆறட்டும் என்று காத்திருக்கிற மனிதர்களும் காணாமல் போய்விட்டார்கள். எல்லோரும் போன் போட்டு யாரையாவது வரச் சொல்கிறார்கள். கண்டெய்னர் லாரிகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

போன வாரம் நைனாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஷோரூமுக்குப் போனேன். எனக்குச் சொந்தமாக வாங்கப்போகும் முதல் கார். எத்தனையோ பார்த்தும் ஒன்றும் பிடிக்கவில்லை. டை கட்டிய இளைஞன் ஒருவன் கண்ணாடித் திரை, கேமரா, பாட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான். நைனா இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து தேடிவிட்டு, "முள்ளு எங்கப்பா?" என்று கேட்டார். "இந்த மாடல்ல முள் கிடையாது சார். ரொம்ப ஹீட் ஆனா சிவப்பு லைட் எரியும்." "அதுக்கு முன்னால இன்னா காட்டும்?" "முன்னாடி ஒண்ணும் காட்டாது சார்." நைனா நிமிர்ந்தார். "அப்ப அது சேதி சொல்லாது. ஒப்பாரிதான் வெக்கும்" என்றார்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தோம். நைனா என் பக்கத்தில், இளைஞன் பின்சீட்டில். பழைய சாலைக்கே வந்துவிட்டேன், கை தானாகத் திருப்பியது. திருவொற்றியூரில் ட்ரெயிலர்கள் வழக்கம்போல் வரிசைகட்டி நின்றன. முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, நடுவில் நாங்கள். வண்டி சத்தமே இல்லாமல் குளுகுளுவென்று இருந்தது. எனக்குத்தான் உள்ளங்கை ஈரமாகி ஸ்டீயரிங் வழுக்கியது. டாஷ்போர்டைப் பார்த்தேன், ட்ரெயிலரைப் பார்த்தேன், எரியாத விளக்கை மறுபடி மறுபடி பார்த்தேன். திரும்பினால் நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, ரோட்ட பாக்காம என் மூஞ்சியே பாத்துகினு வர்ற?"

"அப்பவும் இத்தான் பாத்தேன். அந்த முள்ளு எனக்கு எங்க தெரிஞ்சிது? நீ வாய தொறக்கறதுக்கு முன்னாலயே ஒன் மூஞ்சி மாறும். அத்த பாத்துதான் வண்டி ஓட்டுனேன்."

முன்னாலிருந்த ட்ரெயிலர் நகர்ந்தது. நான் நகரவில்லை. "இப்ப இன்னா காட்டுது?" என்று கேட்டேன்.

"ஏறிகினு கீது," என்றார். "ஓரமா நிறுத்து, கண்ணு."

நிறுத்தினேன். பின்சீட்டு இளைஞன் பதறிப்போய் எட்டிப் பார்த்தான். "என்ன ஆச்சு மேடம்? வண்டில எதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றார் நைனா. "ஆறட்டும்."